பழைய கான்டெசாவின் ஏசிக்கு 134ஏ போடலாமா?

காங்கேயத்திலிருந்து நீங்கள் கேட்டிருப்பது இதுதான். அப்பாவின் 1992 கான்டெசா காரில் ஏசி ஓடுகிறது, ஆனால் முன்போல் குளிரவில்லை. திருப்பூரில் ஒரு மெக்கானிக், "பழைய கேஸ் இனிக் கிடைக்காது, 134ஏ நிரப்பினால் போதும், அரை நாள் வேலை" என்கிறார். ஈரோட்டில் ஒருவர் கம்ப்ரசர் முதல் கூலிங் காயில் வரை எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புது செட் போடச் சொல்கிறார். மூன்றாவது ஒருவர், தன்னிடம் வேறொரு கேஸ் இருப்பதாகவும், எதையும் மாற்றத் தேவையில்லை என்றும், பழையதைவிட நன்றாகவே குளிரும் என்றும் சொல்கிறார். அது என்ன கேஸ் என்று மட்டும் சொல்லவில்லை. இவர்களில் யாரை நம்புவது, அப்பா காரை விற்கச் சம்மதிக்காத நிலையில் செலவு செய்து மாற்றுவதில் பொருள் உண்டா, புதிய கார்களில் வரும் 1234ஒய்எஃப் போடலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

எந்த கேஸ் என்பதற்கு விடை எளிது: 134ஏ. முப்பது வருடம் ஓடிய அமைப்பில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை மாற்றியே தீர வேண்டும் என்பதுதான் கடினமான பகுதி. உங்கள் பணம் போவதும் மிஞ்சுவதும் அங்கேதான். நான் கோவையில் கார் ஏசி வேலை செய்கிறவன். பழைய கேஸான ஆர்-12 புழக்கத்தில் இருந்தபோது தொழில் கற்றுக்கொண்டு, பிறகு அந்தத் தலைமுறைக் கார்களை 134ஏவுக்கு மாற்றும் வேலையை ஆண்டுக்கணக்கில் செய்துவருகிறேன். அந்த அனுபவத்தை வைத்துச் சொன்னால், திருப்பூர்க்காரர் சொன்னது பாதி வேலை, ஈரோட்டுக்காரர் சொன்னது தேவைக்கு மேல், மூன்றாமவரிடம் காரை விடவே வேண்டாம்.

எதையும் தொடுவதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: இப்போது அந்தக் காருக்குள் இருப்பது என்ன? 1992இல் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது ஆர்-12தான், அதில் ஐயமில்லை. வெளிநாட்டுக் கார் நிறுவனங்கள் 134ஏவுக்கு மாறியது 1990களின் முற்பாதியில். நம் நாட்டில் அதற்கும் சில ஆண்டுகள் பிந்தியே மாற்றம் வந்தது. ஆர்-12 உள்ளிட்ட சிஎஃப்சி வாயுக்களை இந்தியாவில் உற்பத்தி செய்வது, ஆஸ்துமா மருந்துக் குப்பிகளுக்கான சிறு விலக்கு தவிர, 2008 ஆகஸ்ட்டோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஒரு முறையாவது கேஸ் நிரப்பியிருந்தால், அது என்ன என்பது நிரப்பியவருக்கு மட்டும்தான் தெரியும். கேஜ் (அழுத்தமானி) வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இரவு முழுதும் நிழலில் நின்ற காரில், வெளி வெப்பம் 30 டிகிரி என்றால், ஆர்-12 ஏறக்குறைய 93 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) காட்டும். 134ஏ 97 காட்டும். பட்டறை கேஜின் முள் அந்த நான்கு பிஎஸ்ஐயைப் பிரித்துச் சொல்லாது. வீட்டு ஏசிக்கான ஆர்-22 நிரப்பியிருந்தால் 158 அளவில் போய் நிற்கும், அதை மட்டும் எளிதில் பிடித்துவிடலாம். புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை, விகிதத்தைப் பொறுத்து, ஆர்-12ஐப் போலவே நடந்துகொள்ளும். அதனால் வாயு வகையைக் கண்டறியும் கருவி உள்ள பட்டறையில் ஒரு முறை பரிசோதித்துவிட்டு மேற்கொண்டு நகருங்கள். அப்பா பழைய பில்களைப் பத்திரப்படுத்தும் பழக்கம் உள்ளவர் என்றால் அவையும் உதவும்.

மூன்றாமவரின் பெயர் சொல்லாத கேஸ் பெரும்பாலும் எரிவாயுக் கலவையாகத்தான் இருக்கும், அல்லது வீட்டு ஏசிக்கான ஆர்-22. எரிவாயு குளிரும், நன்றாகவே குளிரும். பழைய எண்ணெயோடும் ஒத்துப்போகும். அதனால்தான் அவரால் அவ்வளவு நம்பிக்கையாகப் பேச முடிகிறது. ஆனால் கூலிங் காயில் இருப்பது டேஷ்போர்டுக்கு உள்ளே, நீங்கள் உட்காரும் அறையிலேயே. 250 கிராம் எரிவாயு கசிந்தால் அது நூறு லிட்டருக்கும் மேற்பட்ட வாயுவாக விரியும். காரின் உள்ளிடம் மூவாயிரம் லிட்டர் என்று வைத்தால் நான்கு சதவீதத்தை நெருங்கும். சுமார் இரண்டு சதவீதத்திலேயே அது தீப்பற்றும் கலவையாகிவிடும். புளோயர் மோட்டாரின் கார்பன் பிரஷ் எழுப்பும் சிறு பொறி அதற்குப் போதும். எரியும் வாயுவுக்கென்றே வடிவமைத்த சாதனம் வேறு. வீட்டு ஃபிரிட்ஜில் ஐசோபியூட்டேன் இருப்பது சில பத்து கிராம், அதற்கேற்ற மின்பாகங்களோடு. 1992இன் காரை யாரும் அப்படி வடிவமைக்கவில்லை. ஆர்-22 எரியாது, ஆனால் கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரில் 60 டிகிரி வெப்பத்தில் அதன் அழுத்தம் 337 பிஎஸ்ஐ வரும். அதே வெப்பத்தில் ஆர்-12க்கு 206தான். ஆர்-12க்காகச் செய்த ஹோஸும் கம்ப்ரசர் சீலும் அந்தச் சுமையைத் தாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இதோடு சேர்த்து ஒன்று: 134ஏ என்று எழுதிய சிலிண்டரிலும் போலி உண்டு. 2011இல் கப்பல்களில் செல்லும் குளிர்பதனக் கொள்கலன்கள் சில வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். 134ஏ என்ற பெயரில் மெத்தில் குளோரைடு கலந்த வாயு நிரப்பப்பட்டதுதான் காரணம். அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும் சேர்மமாக மாறும். கார் ஏசியின் கண்டென்சரும் கம்ப்ரசரும் பெரும்பாலும் அலுமினியம்தான். சீல் உடைக்காத, பெயர் தெரிந்த நிறுவனத்தின் சிலிண்டரையோ டின்னையோ உங்கள் கண் முன்னே திறக்கச் சொல்லுங்கள்.

இனி இரண்டு கேஸுக்கும் உள்ள வேறுபாடு. கூலிங் காயிலில், பூஜ்ஜியம் டிகிரியில், ஆர்-12இன் அழுத்தம் 30 பிஎஸ்ஐ, 134ஏவின் அழுத்தம் 28. கிட்டத்தட்ட ஒன்றே. கண்டென்சரில், 60 டிகிரியில், ஆர்-12க்கு 206, 134ஏவுக்கு 229. குளிர்ந்த பக்கத்தில் கொஞ்சம் குறைவு, சூடான பக்கத்தில் நன்றாகவே கூடுதல் என்பதால் கம்ப்ரசர் கூடுதலாக உழைக்க வேண்டும், கண்டென்சர் கூடுதலாக வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். கூலிங் காயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வைப் பொறுத்தவரை பழையதே பெரும்பாலும் ஓரளவு சரியாக வேலை செய்துவிடும். கூலிங் காயிலின் இதழ்களில் சொருகிய தெர்மோஸ்டாட் வெப்பத்தைத்தான் அளக்கிறது. எந்த கேஸ் ஓடுகிறது என்பது அதற்குப் பொருட்டில்லை.

"கேஸ் மட்டும் நிரப்பினால் போதும்" என்பது தோற்றுப்போகும் இடம் எண்ணெய். கார் ஏசியில் எண்ணெய் கம்ப்ரசருக்குள்ளேயே தங்கிவிடுவதில்லை. கேஸோடு கரைந்து, குழாய் வழியே முழுச் சுற்றும் சுற்றித் திரும்பி வந்து கம்ப்ரசரை நனைக்கிறது. ஆர்-12இல் மினரல் எண்ணெய் நன்றாகக் கரையும். 134ஏவில் அது கரையாது. பழைய எண்ணெயோடு 134ஏவை ஓட்டினால், எண்ணெய் போய்க் கூலிங் காயிலின் அடியிலும் குழாயின் தாழ்ந்த வளைவுகளிலும் தங்கிவிடும், கம்ப்ரசருக்குத் திரும்பாது. நிரப்பிய வாரம் நன்றாகக் குளிரும். வாடிக்கையாளர் மகிழ்ச்சியோடு போவார். கோடை முடிவதற்குள் கம்ப்ரசரில் கரகரவென்று சத்தம் கேட்கும், பிறகு இறுகிப்போகும். அதற்குள் கேஸ் நிரப்பியவரை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். "பழைய கம்ப்ரசர், அதன் காலம் முடிந்தது" என்று சொல்லிவிடுவார்கள். காலம் முடிந்து போன கம்ப்ரசர்களும் உண்டுதான். ஆனால் அப்படிச் சொல்லிக் கொண்டுவரப்பட்டவற்றைத் திறந்து பார்த்தால், உள்ளே எண்ணெய்ப் பசையே இல்லாமல் பிஸ்டன் சுவர் கீறிக் கிடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆகவே கம்ப்ரசரைக் காரிலிருந்து இறக்கி, எண்ணெய் அடைப்பானைக் கழற்றி, தலைகீழாகப் பிடித்து, முன் தகட்டைக் கையால் சுற்றிச் சுற்றி உள்ளிருப்பதை முழுதும் வடிக்க வேண்டும். வடிந்ததை அளந்து குறித்துக்கொள்வதோடு, அதில் ஒரு சொட்டை வெள்ளைப் பனியன் துணியில் விட்டுப் பாருங்கள். அது திருப்பூரைச் சுற்றி எந்தப் பட்டறையிலும் கிடைக்கும். வெளிர்மஞ்சளாகப் பரவினால் கம்ப்ரசர் நல்ல உடல்நிலையில் இருக்கிறது. பழுப்பாக இருந்தால் உள்ளே ஈரமோ அதிக வெப்பமோ இருந்திருக்கிறது. சுத்தம் செய்து தொடரலாம். சாம்பல் நிறத்தில், வெயிலில் பிடித்தால் வெள்ளித் துகள் மினுங்கினால், கம்ப்ரசர் தன்னைத்தானே தேய்த்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது கம்ப்ரசர், எக்ஸ்பான்ஷன் வால்வ், ஈரம் உறிஞ்சும் டிரையர் மூன்றையும் மாற்றி, மற்ற குழாய்களைக் கழுவியே ஆக வேண்டும். அந்த நிலையில் மட்டும் ஈரோட்டுக்காரர் சொன்னதன் பக்கத்தில் நீங்கள் வருவீர்கள். அந்தப் பனியன் துணியைக் குழாய் வாயில் அடைப்பாகச் சொருகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் நூல் பிசிறு எக்ஸ்பான்ஷன் வால்வின் வலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். மூடியோ, பிளாஸ்டிக் உறை சுற்றி ரப்பர் வளையமோதான் போட வேண்டும்.

புதிய எண்ணெயாக எதைப் போடுவது? 134ஏவோடு கரைவது பேக், எஸ்டர் என இரண்டு வகை. தொழிற்சாலையிலிருந்து 134ஏவோடு வரும் பெரும்பாலான கார்களில் பேக் எண்ணெய்தான். மாற்றம் செய்யும் பழைய காருக்கு நான் எஸ்டரையே தேர்ந்தெடுக்கிறேன். காரணம், ஆர்-12இல் குளோரின் உண்டு. அதன் மிச்சம் குழாய்களில் இருக்கும், அது பேக் எண்ணெயைக் கெடுக்கும். பழைய மினரல் எண்ணெய் கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும் எஸ்டர் பொறுத்துக்கொள்ளும். புது கம்ப்ரசர் வாங்கினால் மட்டும், தயாரித்தவர் எந்த எண்ணெயை அதில் நிரப்பி அனுப்பினாரோ, எதைப் பரிந்துரைத்தாரோ, அதைவிட்டு விலக வேண்டாம். இரண்டுமே காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், பேக் இன்னும் வேகமாக. போன மாதம் திறந்து பாதி மிஞ்சிய டப்பாவிலிருந்து ஊற்ற விடாதீர்கள்.

டிரையரை மாற்றுவது பற்றி விவாதத்துக்கே இடமில்லை. ஆர்-12 காலத்து டிரையரில் உள்ள ஈரம் உறிஞ்சும் மணிகள் 134ஏவுக்கும் அதன் எண்ணெய்க்கும் ஏற்றவை அல்ல, நாளடைவில் பொடியாகக்கூடும். 134ஏவுக்கு என்று குறிப்பிட்ட டிரையரை வாங்கி, இரு வாய் மூடிகளையும் கடைசி நிமிடம் வரை கழற்றாமல் பொருத்த வேண்டும். திறக்கும் இணைப்பில் எல்லாம் ஓ-ரிங் புதிதாக, எச்என்பிஆர் ரப்பர் வகையில் போடுங்கள். பெரும்பாலும் பச்சை நிறத்தில் வருபவை. கேஸ் ஏற்றும் வாயான சர்வீஸ் போர்ட்டில் 134ஏவுக்கான அடாப்டர் மாட்டுங்கள். அழுத்தம் எல்லை மீறினால் கம்ப்ரசரை நிறுத்தும் ஹை பிரஷர் சுவிட்ச் இல்லையென்றால் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். சிறு செலவுதான், கண்டென்சர் விசிறி ஒருநாள் நின்றுபோனால் காப்பாற்றப்போவது அது.

கசிவு பார்ப்பதற்கு அந்தக் காலத்தில் ஒரு விளக்கு வைத்திருப்போம். ஆர்-12 பட்டால் அதன் சுடர் பச்சையாக மாறும். 134ஏவில் குளோரின் இல்லாததால் அந்த விளக்கு இனி உதவாது. உலர்ந்த நைட்ரஜனை 150 பிஎஸ்ஐ அளவுக்கு ஏற்றி, சோப்பு நுரை தடவிப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. பஞ்சர் கடை கம்ப்ரசர் காற்றை ஏற்றவே கூடாது. அதில் ஈரம் உண்டு, தவிர 134ஏவும் காற்றும் அழுத்தத்தில் கலந்தால் தீப்பற்றும் நிலைக்குப் போகக்கூடும். ஆக்சிஜன் சிலிண்டரை எடுக்கும் பட்டறையிலிருந்து உடனே வெளியே வந்துவிடுங்கள். எண்ணெயோடு அழுத்தத்தில் சேர்ந்த ஆக்சிஜன் வெடிக்கும்.

அடுத்து கண்டென்சர். நம் பகுதியில் மாற்றம் வெற்றியா தோல்வியா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இதுதான். கோவைக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உண்டு. காங்கேயம், ஈரோடு, கரூர்ப் பக்கத்துச் சித்திரை வெயில் வேறு வகை. 38 டிகிரி வெயிலில் 134ஏ ஓடும் காரில் ஹை பக்கம், அதாவது அழுத்தம் கூடிய பக்கம், 220 முதல் 250 பிஎஸ்ஐ வருவது இயல்பு. ஈரோடு பன்னீர்செல்வம் பூங்கா சந்திப்பில் சிக்னலுக்கு நின்றால், முன்னிருந்து காற்று வராததால், அது அதையும் தாண்டி ஏறும். பழைய கான்டெசாவின் கண்டென்சர் ஒரே குழாய் வளைந்து வளைந்து போகும் பழைய வடிவம் என்றால், ஓட்டத்தில் குறை தெரியாது, நின்றால் குளிர் குறையும். இணைக் குழாய் வடிவத்தில் உள்ள புதிய கண்டென்சர் அதே அளவு இடத்தில் தெளிவாகவே கூடுதல் வெப்பத்தை வெளியேற்றும். காருக்கென்றே செய்தது கிடைக்காவிட்டாலும், நீள அகலம் பொருந்தும் ஒன்றை வாங்கி, கணபதிப் பக்கத்து லேத் பட்டறைகளில் தாங்கியும் குழாய் முனைகளும் செய்து மாட்டிவிடலாம். இந்த ஊர் அதற்குப் பெயர் பெற்ற ஊர். உங்கள் பணத்தில் ஒரே ஒரு பாகத்தைத் தரம் உயர்த்தலாம் என்றால் நான் கண்டென்சரையும் அதன் முன் ஒரு நல்ல மின்விசிறியையும்தான் சொல்வேன், கம்ப்ரசரை அல்ல.

ஆனால் பழைய கண்டென்சரைக் குறை சொல்வதற்கு முன் அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். திருப்பூர், பல்லடம், அவிநாசிச் சாலைகளில் ஓடும் கார்களின் கண்டென்சர் இதழ்களுக்கிடையில் பஞ்சுப் பிசிறு வந்து படியும்; அதன்மேல் சாலைத் தூசி ஒட்டும்; மழையில் நனைந்து, காய்ந்து, கம்பளித் துண்டு போலத் தடித்துவிடும். வெளிப்பக்கம் சுத்தமாகத் தெரியும். ரேடியேட்டருக்கும் கண்டென்சருக்கும் இடையில், கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில்தான் அது இருக்கும். பொள்ளாச்சிக் கார்களில் அதே இடத்தில் தென்னை நார்த் தூள். மெல்லிய பிரஷ்ஷாலும் குறைந்த அழுத்தத் தண்ணீராலும் பின்னிருந்து முன்னாகக் கழுவி, மடங்கிய இதழ்களை நிமிர்த்திவிட்டால், ஹை பக்க அழுத்தம் கேஜில் கண்ணெதிரே இறங்கும். இந்த வேலைக்கு யாரும் தனியாகப் பணம் கேட்பதில்லை என்பதாலேயே யாரும் செய்வதில்லை. நீங்கள் கேட்டுச் செய்ய வையுங்கள். கான்டெசாவின் எஞ்சின் ரேடியேட்டர் முன்பே சூடேறும் பழக்கம் உள்ளதென்றால் அதையும் இந்தச் சமயத்திலேயே சரிசெய்யுங்கள். கண்டென்சர் தள்ளும் சூடு முழுதும் ரேடியேட்டர் மேல்தான் விழுகிறது.

எல்லாம் பூட்டியபின் வாக்குவம், அதாவது உள்ளிருக்கும் காற்றைப் பம்ப்பால் உறிஞ்சி எடுப்பது. உள்ளே மிஞ்சிய ஈரம் கொதித்து ஆவியாகி வெளியேறுவதற்காகத்தான் இது. 30 டிகிரியில் தண்ணீர் கொதிக்க வேண்டுமென்றால் உள் அழுத்தம் பாதரச அளவில் 32 மில்லிமீட்டருக்கும் கீழே போக வேண்டும். எண்ணெயிலிருந்தும் மணிகளிலிருந்தும் ஈரம் முழுதும் வர, அரை மில்லிமீட்டர் அளவுக்கு இறங்குவது நல்லது. பல சிறு பட்டறைகளில் பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசரையே பம்ப்பாக வைத்திருப்பார்கள். இந்த ஆழத்துக்கு அதை நம்ப முடியாது. இரண்டு நிலை வாக்குவம் பம்ப் இருக்கிறதா என்று கேளுங்கள். இன்னொன்று, புத்தகத்தில் போட்டிருக்கிறபடி கேஜ் 29.9 அங்குலம் காட்டவில்லை என்று குழம்ப வேண்டாம். அது கடல் மட்டத்துக்கான கணக்கு. கோவை கடல் மட்டத்திலிருந்து நானூறு மீட்டருக்கு மேல் இருப்பதால் இங்கே முழு வாக்குவத்திலும் கேஜ் 28.5 அளவில்தான் நிற்கும். ஊட்டியில் 23ஐக்கூடத் தொடாது. முள் அசையாமல் நின்ற பிறகும் குறைந்தது முக்கால் மணி நேரம் பம்ப் ஓடட்டும். பிறகு வால்வை மூடிவிட்டு அரை மணி நேரம் காத்திருந்து, முள் ஏறுகிறதா என்று பாருங்கள்.

நிரப்பும் அளவில்தான் நல்ல மெக்கானிக்குகளும் தவறுகிறார்கள். டிரையரின் தலையில் ஒரு கண்ணாடி இருக்கும். ஆர்-12 காலத்தில் அதில் குமிழி மறையும்வரை நிரப்புவோம். அது சரியான முறைதான். 134ஏவில் அளவு சரியாக இருக்கும்போதே கண்ணாடியில் குமிழியோ வெண்மையோ தெரியலாம். அதைப் பழைய பழக்கத்தில் மறைய வைக்கப் பார்த்தால் அளவு மீறிப்போகும், ஹை பக்கம் எகிறும், குளிர்ச்சி கூடுவதற்குப் பதில் குறையும். 134ஏவை எடை பார்த்து மட்டுமே நிரப்ப வேண்டும். ஆர்-12 அளவில் 80 முதல் 90 சதவீதம் என்பது கணக்கு. பானட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் 800 கிராம் என்று இருந்தால் 640இல் தொடங்கி, கேஜையும் காற்று வரும் துவாரத்தில் வைத்த வெப்பமானியையும் பார்த்துக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாக 720 வரை போகலாம். கண்டென்சரை மாற்றியிருந்தால் அதன் கொள்ளளவுக்கு ஏற்ப இது மாறும். டிஜிட்டல் தராசு இல்லாத, குழாயைத் தொட்டுப் பார்த்து "வியர்த்துவிட்டது, போதும்" என்று சொல்லும் பட்டறை உங்களுக்கு வேண்டாம்.

இதுவரை சொன்னவற்றில் எண்ணெய், டிரையர், அழுத்தம், எடை ஆகியவை உறுதியானவை. எந்த அனுபவசாலியைக் கேட்டாலும் மாறாது. கருத்து வேறுபாடு உள்ள இடங்களும் உண்டு. பழைய ரப்பர் ஹோஸ்களை மாற்ற வேண்டுமா என்பது அவற்றில் ஒன்று. 134ஏவின் மூலக்கூறு சிறியது, உள்ளே நைலான் படலம் உள்ள ஹோஸ்தான் அதற்கு உகந்தது என்பது உண்மை. ஆனால் பல வருடம் மினரல் எண்ணெய் ஊறிய ஹோஸ் கசிவை ஓரளவு தடுக்கிறது என்பதும் உண்மை. வெடிப்பு இல்லாமல், வளைத்தால் மிருதுவாக இருக்கும் ஹோஸை வைத்துக்கொண்டு ஒரு கோடை பார்க்கலாம் என்பது என் நிலை. முப்பது வருட ஹோஸில் அப்படி மிருதுவாக இருப்பது குறைவு. குழாய்களை முழுதும் கழுவ வேண்டுமா என்பது இன்னொன்று. எண்ணெயை வடித்தால் போதும் என்பவர்கள் இருக்கிறார்கள். நான் கூலிங் காயிலையும் குழாய்களையும் அதற்கான திரவத்தால் கழுவி நைட்ரஜனால் உலர்த்துவேன். பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவுவதை மட்டும் ஏற்க மாட்டேன். கம்ப்ரசர் எத்தனை வருடம் தாங்கும் என்று காரைப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. அந்த எண்ணெய்ச் சொட்டைப் பார்த்தபிறகும் ஓரளவுதான் சொல்லலாம். உங்கள் கம்ப்ரசர் அந்தக் காலத்தில் பரவலாக இருந்த ஐந்து பிஸ்டன் சாண்டன் 508 என்றால், அதே 138 சிசி அளவில் 134ஏவுக்கான 5எச்14 இருப்பதால் மாற்று தேடி அலைய வேண்டியதில்லை.

பரிசோதனையில் உள்ளே இருப்பது சுத்தமான ஆர்-12 என்று தெரிந்து, குளிர் குறைந்ததற்குக் காரணம் அந்தப் பஞ்சு அடைப்போ, தேய்ந்த கிளட்ச்சோ, ஓடாத விசிறியோ என்றால், கேஸை மாற்றாதீர்கள். அதைச் சரிசெய்துவிட்டு, ஆர்-12 கசியாமல் இருக்கும்வரை அப்படியே ஓட்டுங்கள். கம்ப்ரசரோ கூலிங் காயிலோ கெட்டு அமைப்பைத் திறந்தே ஆக வேண்டிய நாள்தான் மாற்றத்துக்குச் சரியான நாள். அன்று பழைய கேஸைக் காற்றில் திறந்துவிட அனுமதிக்காதீர்கள். மீட்பு இயந்திரம் உள்ள இடத்தில் சிலிண்டருக்கு இறக்கச் சொல்லுங்கள். ஓசோன் படலத்தை அரிக்கும் ஆர்-12 வளிமண்டலத்தில் நூறு வருட அளவில் தங்கும். அதோடு, அதன் புவி வெப்பமாக்கும் திறன் கரியமில வாயுவைப் போல 10,900 மடங்கு. 800 கிராமைத் திறந்துவிடுவது எட்டரை டன்னுக்கு மேல் கரியமில வாயுவை விடுவதற்குச் சமம். நம் பகுதிப் பட்டறைகளில் இது இன்னும் ஒரு நொடி வேலையாக நடக்கிறது என்பது எனக்குப் பெரும் வருத்தம்.

1234ஒய்எஃப் உங்கள் காருக்கு வேண்டாம். அதன் வெப்பமாக்கும் திறன் மிகக் குறைவு, 134ஏவுக்கு 1,430 என்றால் அதற்கு ஐந்துக்கும் கீழே; ஐரோப்பாவில் 2017 முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் 134ஏ கூடாது என்றானதும் அதனால்தான். ஆனால் அது லேசாகத் தீப்பற்றக்கூடியது, விலை பல மடங்கு, குளிர்ச்சியில் 134ஏவைவிட மேலும் இல்லை. 134ஏ சீக்கிரம் கிடைக்காமல் போய்விடுமோ என்ற கவலையும் வேண்டாம். இந்த வகை வாயுக்களைக் குறைப்பதற்கான உலக நாடுகளின் கிகாலி ஒப்பந்தப்படி இந்தியா அவற்றின் அளவை 2028இல் நிலைநிறுத்தி, 2032 முதல் படிப்படியாகக் குறைத்து, 2047இல்தான் 85 சதவீதக் குறைப்பை எட்ட வேண்டும்.

செலவு செய்வதில் பொருள் உண்டா என்றால், எண்ணெய்ச் சொட்டு வெளிர்மஞ்சளாக இருக்கும்வரை உண்டு. டிரையர், ஓ-ரிங், எண்ணெய், கேஸ், கண்டென்சர், விசிறி, கூலி என்று போகும் பணம் முழுப் புது செட்டின் பக்கத்தில்கூட வராது. வேலை முடிந்ததும் பானட்டுக்கு அடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுங்கள்: தேதி, 134ஏ, எத்தனை கிராம், எந்த எண்ணெய், எத்தனை மில்லி. அடுத்து அந்தக் காரைத் தொடுகிறவருக்கு அது வேண்டும். ஒரு மாதம் ஓட்டியபின் கிளட்ச்சின் அடியிலும் ஒவ்வொரு இணைப்பிலும் தூசி ஈரமாக ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். எண்ணெய் கசியும் இடத்தில் கேஸும் கசிகிறது. அப்படி ஏதாவது தெரிந்தாலோ, நின்றால் குளிர் போய்விடுகிறது என்றாலோ மீண்டும் எழுதுங்கள். லோ, ஹை இரண்டு அழுத்தமும், அப்போதைய வெளி வெப்பமும், துவாரத்தில் வந்த காற்றின் வெப்பமும், ஒரு முறை நின்ற நிலையிலும் ஒரு முறை எஞ்சினை 1,500 சுற்றில் வைத்தும் எடுத்து அனுப்பினால், அடுத்து எங்கே பார்ப்பது என்று சொல்கிறேன்.